புதுசா ஓ.எஸ். போட்டும் கம்ப்யூட்டர் நகர மாட்டேங்குதா?



கடன் வழங்கும் நாளில் கூட்டமைப்பு அலுவலகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்து மணிக்கெல்லாம் திண்ணை நிறைந்துவிடும். களை எடுக்கும் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், மாட்டுக்குத் தண்ணி காட்டாமல் ஓடி வந்தவர்கள் எல்லோரும் பாஸ் புத்தகத்தோடு காத்திருப்பார்கள். அப்படி ஒரு நாளில்தான் எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர் எங்கள் மானத்தை வாங்கியது. பத்து மணிக்கு ஆன் செய்தோம். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. டீ வந்தது, குடித்தோம், டம்ளரும் கழுவியாயிற்று. வட்டம் இன்னும் சுற்றியது. கடன் லெட்ஜர் திறந்தபோது மணி பதினொன்றாகப் பத்து நிமிடம். ஒரு பெயரைத் தட்டிவிட்டு, அது திரையில் வரும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "ஏம்மா, இதுக்குப் பழைய பேரேட்டு நோட்டே தேவலாம் போலிருக்கே" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு நான்கு நாள் முன்புதான் அறுநூறு ரூபாய் கொடுத்து, பார்மட் அடித்து, புதிதாக ஓ.எஸ். போட்டு எடுத்து வந்திருந்தோம். போட்ட பிறகுதான் முன்பைவிட மோசம்! கடைக்காரத் தம்பியைக் கூப்பிட்டால், "மெஷின் பழசு அக்கா. புதுசு வாங்கிடுங்க, முப்பத்தஞ்சாயிரத்துல முடிச்சுத் தர்றேன்" என்றார். செயற்குழுவில் கிட்டத்தட்டத் தீர்மானம் எழுதும் அளவுக்கு வந்துவிட்டோம். பொருளாளர்தான் பேனாவைப் பிடித்து நிறுத்தினார். "ஓ.எஸ். போட்டா சரியாயிடும்னு சொன்னதும் இதே தம்பிதானே? இப்ப கோளாறு எந்த இடத்துலன்னு முதல்ல காட்டச் சொல்லுங்க. அப்புறம் பணத்தைப் பத்திப் பேசலாம்."

நியாயமான கேள்வி. உறுப்பினர் ஒருவரின் மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாங்களே ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கடைசியில் அந்த முப்பத்தைந்தாயிரத்தில் கால் பங்குகூடச் செலவாகவில்லை. பார்த்ததை அப்படியே இங்கே எழுதுகிறோம். அலுவலகக் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும், வீட்டில் பிள்ளைகள் வைத்திருக்கும் லேப்டாப்புக்கும் பொருந்தும்.

ஓ.எஸ். போட்டால் எது மாறும், எது மாறாது?

கம்ப்யூட்டரை நம் அலுவலகம் மாதிரி நினைத்துப் பாருங்கள். உள்ளே ஒரு கணக்காளர் இருக்கிறார். அவர்தான் பிராசசர். அவர் முன்னால் இருக்கும் மேசை, ராம். நோட்டுப் புத்தகம் எல்லாம் வைத்திருக்கும் இரும்பு பீரோ, ஹார்ட் டிஸ்க். எந்த நோட்டு எங்கே இருக்கும், யார் முதலில், யார் பிறகு என்ற அலுவலக நடைமுறைதான் ஓ.எஸ்., அதாவது விண்டோஸ்.

புதிதாக ஓ.எஸ். போடுவது என்றால், அறையைக் கூட்டிப் பெருக்கி, குப்பையை எறிந்து, நோட்டுகளைப் புதிதாக அடுக்கி வைப்பது. வேண்டாத சாப்ட்வேரும், நாள்பட்ட குப்பையும், வைரஸும் காரணமாக இருந்தால் இதில் சரியாகிவிடும். ஆனால் பீரோவின் கதவே துருப்பிடித்துத் திறக்க வராவிட்டால்? மேசை ஒரு முழம்தான் இருந்தால்? எத்தனை தடவை கூட்டிப் பெருக்கினாலும் அது மாறப்போவதில்லை. ஆகவே, சுத்தமாக ஓ.எஸ். போட்ட பிறகும் மெதுவாகவே இருந்தால் அதுவே ஒரு தடயம். குப்பை காரணம் இல்லை என்று பாதி தெரிந்துவிட்டது. மிச்சம் இருப்பது இவைதான்: புது ஓ.எஸ். இன்னும் செட்டில் ஆகவில்லை, அல்லது போட்டவர் ஏதோ விட்டுவிட்டார், அல்லது இரும்பிலேயே கோளாறு.

முதலில் கணக்கைக் காப்பாற்றுங்கள்

வேகத்தைப் பார்க்கும் முன் இதைச் சொல்லிவிடுகிறோம். எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது இதில்தான்.

லெட்ஜர் பைலை நாங்கள் டெஸ்க்டாப்பில் வைத்திருந்தோம். டெஸ்க்டாப் கண் முன்னால் தெரிவதால் அது தனி இடம் என்று நினைப்பு. உண்மையில் அதுவும் 'மை டாக்குமென்ட்ஸ்' என்பதும் சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன. ஓ.எஸ். போடும்போது முதலில் கை வைப்பது அந்த சி டிரைவில்தான். கம்ப்யூட்டர் திரும்பி வந்தபோது டெஸ்க்டாப் துடைத்துவிட்ட பலகை மாதிரி இருந்தது. இரண்டு வருடக் கடன் கணக்கு! கணக்காளர் அழவே தொடங்கிவிட்டார்.

பாலிடெக்னிக் பெண்தான் சி டிரைவைத் திறந்து 'விண்டோஸ் டாட் ஓல்ட்' என்ற பெயரில் ஒரு போல்டர் இருப்பதைக் காட்டினாள். டிரைவை முழுதாக அழிக்காமல் பழையதன் மேலேயே ஓ.எஸ். போட்டிருந்தால், பழைய விண்டோஸும் பழைய பைல்களும் இந்தப் போல்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கும். அதற்குள் 'யூசர்ஸ்', அதற்குள் நம் பழைய பெயர், அதற்குள் டெஸ்க்டாப். எங்கள் லெட்ஜர் அங்கேயே இருந்தது. பார்மட் அடித்ததாகச் சொன்னதுகூட முழு உண்மை இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த ஒரு பொய்க்கு மட்டும் நாங்கள் நன்றிதான் சொல்ல வேண்டும். ஆனால் கவனம், இந்தப் போல்டர் நிலையாக இருப்பதில்லை. சாதாரணமாகப் பத்து நாள் போனால் விண்டோஸ் தானாகவே அதை அழித்துவிடும். யாராவது 'டிஸ்க் க்ளீனப்' ஓட்டினால் உடனே போய்விடும். ஆகவே ஓ.எஸ். போட்டு வந்த அன்றே எல்லாப் பைலும் இருக்கிறதா என்று பாருங்கள். முழுதாகப் பார்மட் அடித்துவிட்டால் இந்தப் போல்டரே இருக்காது.

பைல் இருக்கிறது, ஆனால் திறந்தால் தமிழுக்குப் பதில் ஏதோ கிறுக்கல் வருகிறது என்றால் பயப்பட வேண்டாம். கணக்கு கெட்டுவிடவில்லை. பழைய தீர்மானங்களை பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்திருப்போம். ஓ.எஸ். போடும்போது அந்த எழுத்துரு போய்விட்டது, அவ்வளவுதான். அதைத் திரும்பப் போட்டால் தமிழ் வந்துவிடும். புதிதாக அடிப்பதை எல்லாம் யூனிகோடில் அடித்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. தமிழக அரசும் 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது.

இன்னொன்று. கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொடுக்கும்போது அதில் யார் யாருடைய ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருக்கிறது என்று ஒரு நிமிடம் நினையுங்கள். நாங்கள் நினைக்கவே இல்லை. இப்போது ஒருவர் கூடப் போய் வேலை முடியும்வரை பக்கத்தில் உட்காருகிறோம். முடியாவிட்டால் தம்பியை அலுவலகத்துக்கு வரச் சொல்கிறோம்.

முதல் இரண்டு நாள் தானாகவே மெதுவாகத்தான் இருக்கும்

புது வீட்டுக்குக் குடிபோன முதல் நாள் சாமான் இறக்கவே நேரம் சரியாக இருக்கும். சமையல் தாமதமாகத்தான் ஆகும். புது ஓ.எஸ்.ஸும் அப்படித்தான். போட்டு முடித்த உடனே அது இன்டர்நெட்டிலிருந்து அப்டேட் இறக்கும், எல்லாப் பைலையும் தேடுவதற்கு வசதியாகப் பட்டியல் போடும், வைரஸ் இருக்கிறதா என்று முழுதாக ஒரு தடவை துழாவும். இதெல்லாம் நாம் லெட்ஜரைத் திறக்கப் பார்க்கும் அதே நேரத்தில் பின்னால் நடக்கும். 'மெதுவா இருக்கே' என்று நாம் ஆஃப் செய்து ஆஃப் செய்து ஆன் செய்தால், பாதியில் நின்ற வேலை மறுபடி தொடங்கும். எங்கள் அலுவலகத்தில் மாலை ஐந்து மணிக்கு மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவது வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் அந்த நான்கு நாளும் அதுவே எங்களுக்கு எதிரியாக இருந்தது.

செய்ய வேண்டியது ஒன்றுதான். ஓ.எஸ். போட்டதும் ஒரு இரவு முழுக்க நெட் இணைப்போடு ஆன் செய்து விட்டுவிடுங்கள். தூங்கிவிடாமல் இருக்க 'ஸ்லீப்' என்பதை 'நெவர்' என்று மாற்றுங்கள். மறுநாள் காலை அப்டேட் பகுதியில் பார்த்து, ரீஸ்டார்ட் கேட்டால் கொடுங்கள். இரண்டு மூன்று தடவைகூடக் கேட்கும். எல்லாம் முடிந்த பிறகு வேகத்தைப் பாருங்கள்.

போன் ஹாட்ஸ்பாட்டில் நெட் கொடுப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். அப்டேட் ஒரே மூச்சில் பல ஜி.பி.யைக் குடித்துவிடும். அன்றைய டேட்டா காலை பத்து மணிக்கே காலி. நெட்வொர்க் அமைப்பில் 'மீட்டர்டு கனெக்ஷன்' என்பதை ஆன் செய்துவிட்டால் பெரும்பாலான அப்டேட் இறங்காமல் நிற்கும். பிறகு வைபை இருக்கும் இடத்துக்கு எடுத்துப் போய் முடித்துக்கொள்ளலாம்.

எங்களுடையது இதற்கும் அசையவில்லை. கொஞ்சம் தேறியது, அவ்வளவுதான்.

எதற்காகக் காத்திருக்கிறது என்று கம்ப்யூட்டரையே கேளுங்கள்

கீபோர்டில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' என்று ஒரு பெட்டி திறக்கும். சின்னதாகத் திறந்தால் கீழே உள்ள 'மோர் டீடெயில்ஸ்' என்பதைத் தட்டுங்கள். மேலே சி.பி.யூ., மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று வரிசையாகச் சதவீதம் காட்டும். இத்தனை நாளாக இந்தப் பெட்டி நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்திருக்கிறது, எங்களுக்கு யாரும் சொன்னதில்லை! ஏதாவது ஹேங் ஆனால் மூடுவதற்கு மட்டும்தான் இது என்று நினைத்திருந்தோம்.

கம்ப்யூட்டர் திணறும்போது இதைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. எந்தத் தூண் நூறு சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதோ, அங்கேதான் வரிசை நிற்கிறது என்று அர்த்தம். கணக்காளர் திணறுகிறாரா, மேசை போதவில்லையா, பீரோ திறக்கவில்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

எங்களுக்கு சி.பி.யூ. பத்து சதவீதம்கூட இல்லை. மெமரி பாதிதான். டிஸ்க் மட்டும் 100! அதாவது கணக்காளர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பீரோ திறக்கவில்லை. அந்தத் தம்பி சொன்னபடி புது பிராசசர், புது மதர்போர்டு எல்லாம் வாங்கியிருந்தால் சும்மா உட்கார்ந்திருக்க இன்னும் கெட்டிக்காரரான ஒரு கணக்காளரைச் சம்பளம் கொடுத்து வைத்த கதையாகியிருக்கும்.

டிஸ்க் 100 என்று காட்டினாலே கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பெரிய பைல் காப்பி செய்யும்போது நல்ல டிஸ்க்கும் அப்படித்தான் காட்டும். 'பெர்பார்மன்ஸ்' என்ற பக்கத்துக்குப் போய் டிஸ்க்கைத் தட்டினால் 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' என்று ஒன்று இருக்கும். ஒரு பைலைக் கேட்டால் பதில் சொல்ல எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்பதன் கணக்கு. சுழலும் தட்டு உள்ள பழைய வகை ஹார்ட் டிஸ்க் என்றால் பத்து, இருபது, வேலை அதிகமானால் ஐம்பது என்று இருக்கலாம். எங்களுடையது அறுநூறு, எண்ணூறு என்று ஏறி, ஒரு தடவை இரண்டாயிரத்தைத் தொட்டது. அப்படியென்றால் ஒரு தாளை எடுத்துத் தர இரண்டு விநாடி. ஒரு சாப்ட்வேர் திறக்க இப்படி ஆயிரக்கணக்கான தாள் எடுக்க வேண்டும்.

ஏன் இப்படி ஆகிறது? ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு ஒன்று நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று வேகத்தில் சுழல்கிறது. ரோமத்தைவிட மெல்லிய இடைவெளியில் ஒரு முள் அதன் மேல் போய் வந்து படிக்கிறது. வருடக்கணக்கில் ஓடினால், கரண்ட் போய்ப் போய் வந்தால், தட்டில் சில இடங்கள் பழுதாகும். அந்த இடத்துக்கு வந்தவுடன் முள் விடாது, திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். கம்ப்யூட்டர் மொத்தமும் அதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதைத்தான் நாம் 'ஹேங்' என்கிறோம். ஓ.எஸ். போடும்போது பல ஜி.பி. புதிதாக எழுதப்படுகிறது. அதில் முக்கியமான ஒரு பைல் பழுதான பகுதியில் போய் உட்கார்ந்துவிட்டால், போட்ட பிறகு முன்பைவிட மோசமாகிவிடும். எங்களுக்கு நடந்தது இதுதான்.

உறுதி செய்துகொள்ள 'கிரிஸ்டல் டிஸ்க் இன்போ' என்று ஒரு இலவச சாப்ட்வேர் இருக்கிறது. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பை அது படித்துக் காட்டும். நீலம் என்றால் நல்லது. மஞ்சள் என்றால் எச்சரிக்கை. சிவப்பு என்றால் மோசம். எங்களுக்கு மஞ்சள் வந்தது. நீலம் வந்தாலும் முழுதாக நம்பிவிட வேண்டாம். 'டிக் டிக்' என்று சத்தம், பைல் திறக்கும்போது அடிக்கடி பிழைச் செய்தி இவை இருந்தால் டிஸ்க் போகப்போகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சில சமயம் டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கும் ஒயர் தளர்ந்திருந்தாலும் இதே தொல்லை வரும். நூறு ரூபாய் சமாச்சாரம், முதலில் அதை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மஞ்சளோ சிவப்போ வந்தால் முதல் வேலை பைலை வெளியே எடுப்பது. இதில் பலர் தவறு செய்கிறார்கள். 'செக் டிஸ்க்' ஓட்டுங்கள், 'டிபிராக்' செய்யுங்கள் என்று யாராவது சொல்வார்கள். காப்பி எடுக்கும் முன் அதைச் செய்யவே கூடாது. சாகக் கிடக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் முழுதாகப் படிக்க வைத்தால் அந்தப் பாரத்திலேயே அது விழுந்துவிடலாம். நாங்கள் லெட்ஜர், தீர்மானம், உறுப்பினர் பட்டியல் என்ற முக்கியமான மூன்றையும் முதலில் எடுத்தோம். போட்டோ, வீடியோ எல்லாம் பிறகு. இரண்டு பென் டிரைவில் போட்டு, வேறு கம்ப்யூட்டரில் சொருகித் திறந்தும் பார்த்தோம். காப்பி ஆகிவிட்டது என்று திரை சொன்னால் மட்டும் போதாது, திறந்து கடைசிப் பக்கம் வரை பார்க்க வேண்டும்.

பிறகு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டோம். இதில் சுழலும் தட்டும் கிடையாது, முள்ளும் கிடையாது. பென் டிரைவ் மாதிரி சிப்பில் எழுதுகிறது. பழைய டிஸ்க் இருந்த அதே இடத்தில், அதே ஒயரில் மாட்டிக்கொள்ளும் வகை கிடைக்கிறது. அலுவலகக் கணக்குக்கு 256 ஜி.பி. தாராளம். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் இங்கே எழுதவில்லை. இரண்டு கடையில் கேளுங்கள், பில்லும் வாரண்டிச் சீட்டும் வாங்குங்கள். பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே புதிதில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள். டிஸ்க் நன்றாக இருந்தால் சரி. பழுதான டிஸ்க்கிலிருந்து என்றால் பழுதான பைலும் சேர்ந்து வரும். சிரமமானாலும் புதிதாகவே ஓ.எஸ். போடச் சொல்லுங்கள்.

பீரோ நன்றாக இருந்து, மேசை போதவில்லை என்றால்?

மெமரித் தூண் எப்போதும் 85, 90 என்று நின்றால் ராம் போதவில்லை. மேசையில் இடமில்லாமல் கணக்காளர் ஒவ்வொரு நோட்டையும் பீரோவில் வைத்து எடுத்து வைத்து எடுத்து வேலை செய்கிறார் என்று பொருள். விண்டோஸ் 11 குறைந்தபட்சம் 4 ஜி.பி. ராம் கேட்கிறது. அது உயிரோடு இருக்க மட்டும்தான் போதும். பிரவுசரும் எக்ஸெலும் சேர்த்துத் திறந்து வேலை செய்ய 8 ஜி.பி. வேண்டும். டி.டி.ஆர். 3-க்கு உள்ள இடத்தில் டி.டி.ஆர். 4 நுழையாது, அதனால் எந்த வகை என்று பார்த்து வாங்குங்கள்.

ராம் இருந்தும் பாதியைக் காணவில்லை என்ற விநோதமும் உண்டு. 'சிஸ்டம்', 'அபவுட்' என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். 8 ஜி.பி. இருக்கிறது, ஆனால் பயன்படுவது மூன்றே சொச்சம்தான் என்று அங்கே எழுதியிருந்தால், உங்களுக்கு 32 பிட் விண்டோஸ் போட்டிருக்கிறார்கள். அதனால் 4 ஜி.பி.க்கு மேல் எடுத்துக்கொள்ள முடியாது. கடையில் எந்தப் பென் டிரைவ் கைக்கு வந்ததோ அதைப் போட்டுவிடுவது இதற்குக் காரணம். 64 பிட் போட்டால் பைசா செலவில்லாமல் மேசை இரட்டிப்பாகும். செய்ததைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

போட்டவர் விட்டுவிட்ட டிரைவர்

பக்கத்து ஒன்றியக் கூட்டமைப்புத் தோழி ஒருவரின் லேப்டாப்பில் வேறு கதை. திரையில் எழுத்தெல்லாம் பூதாகாரமாக இருந்தது. பக்கத்தைக் கீழே தள்ளினால் இழுத்து இழுத்து நகர்ந்தது. டிஸ்க்கும் நல்லது, ராமும் நல்லது. ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறந்தால் மஞ்சள் முக்கோணங்கள் வரிசையாக நின்றன. 'டிஸ்ப்ளே' என்ற இடத்தில் 'மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தது. திரையை ஓட்டுகிற சிப்புக்கு உரிய டிரைவர் சாப்ட்வேரே போடவில்லை என்று அதற்கு அர்த்தம். மாட்டைப் பூட்டாமல் வண்டியைக் கையால் தள்ளுகிற மாதிரி, படம் வரையும் வேலையும் பிராசசர் தலையில் விழும்.

அப்டேட் பகுதியில் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்று ஒன்று இருக்கிறது, பல டிரைவர் அதிலேயே கிடைத்துவிடும். இல்லாவிட்டால் லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணைப் பார்த்து, தயாரித்த கம்பெனியின் சொந்த இணையதளத்தில் எடுங்கள். எல்லா டிரைவரையும் இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்று விளம்பரம் செய்யும் சாப்ட்வேர் பக்கம் போகவே வேண்டாம். அதுவே புதுக் குப்பை.

குப்பை என்றதும் இதையும் சொல்ல வேண்டும். சில கடைகளில் ஓ.எஸ். போடும்போதே இரண்டு ஆன்டிவைரஸ், மூன்று பிரவுசர், ஏதேதோ கேம் எல்லாம் சேர்த்துப் போட்டுத் தருவார்கள், ஏதோ கொசுறு கொடுப்பது மாதிரி. இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே பைலை மாறி மாறிச் சோதித்தால் கம்ப்யூட்டர் எப்படி நகரும்? விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிபென்டர் கூடவே வருகிறது. நம் அளவுக்கு அது போதும். டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்டப்' பக்கம் போய், ஆன் செய்தவுடன் தானாகத் திறப்பவற்றில் வேண்டாததை 'டிசேபிள்' செய்யுங்கள். புரியாததைத் தொட வேண்டாம்.

இதைவிடப் பெரிய தொல்லை திருட்டு ஆக்டிவேட்டர். விண்டோஸை ஓசியில் ஒரிஜினல் ஆக்கித் தரும் சின்ன சாப்ட்வேர் ஒன்றைப் போடுவார்கள். அது வேலை செய்ய டிபென்டரை அணைக்கச் சொல்லும். வாசல் கதவைத் திறந்து வைத்தால்தான் வருவேன் என்கிற ஆளை வீட்டுக்குள் விடுவோமா? அதோடு வரும் வைரஸ் பின்னால் உட்கார்ந்து பிராசசரைத் தின்னும், பாஸ்வேர்டையும் திருடும். நாம் வங்கி வேலை பார்க்கும் மெஷின் அது! உண்மையில் பல கம்ப்யூட்டருக்கு இது தேவையே இல்லை. விண்டோஸ் 8 காலம் முதல், அதாவது 2012-க்குப் பிறகு, விண்டோஸோடு விற்ற கம்பெனி லேப்டாப்புகளில் பெரும்பாலும் லைசென்ஸ் எண் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே வகை விண்டோஸைத் திரும்பப் போட்டால் நெட் கிடைத்தவுடன் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். ஹோம் வந்த மெஷினில் கடைக்காரர் புரோ போட்டுவிட்டால்தான் ஆகாது. முதலில் எது இருந்தது என்று கொடுக்கும் முன்பே குறித்து வையுங்கள்.

தூசியையும் மறந்துவிடாதீர்கள். விசிறி அடைத்துச் சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு படுத்துக்கொண்டால் இதுவாகத்தான் இருக்கும். சில லேப்டாப்பில் மலிவான டூப்ளிகேட் சார்ஜர் போட்டாலும் இப்படி வேகம் குறையும்.

புதுசு வாங்கத்தான் வேண்டுமா?

சில சமயம் வேண்டும், அதையும் மறைக்காமல் சொல்கிறோம். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்டை 2020 ஜனவரி 14-ல் நிறுத்தினார்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி உள்ள மெஷின் வேண்டும், பழைய பிராசசர் பலவற்றை அது ஏற்பதில்லை. தடையைத் தாண்டி ஏற்றித் தருகிறேன் என்பார்கள். அப்படி ஏற்றினால் தொடர்ந்து அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதிலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் போட்டால் நத்தை தோற்றுவிடும். வங்கி வேலை பார்க்கும் மெஷின் இந்த நிலையில் இருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் வாங்கும்போது எஸ்.எஸ்.டி. இருக்கிறதா, ராம் 8 ஜி.பி.யா என்று கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கியது பரணில் கிடக்கிறதா? அதைத் தூக்கி எடைக்குப் போட வேண்டாம். எஸ்.எஸ்.டி. மாற்றி லினக்ஸ் போட்டால் தட்டச்சுக்கும், பிள்ளைகள் பாடத்துக்கும் இன்னும் உழைக்கும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸில் தமிழிலேயே வேலை செய்யலாம். புது லினக்ஸ் பதிப்பு பழைய மெஷினில் ஓடுமா என்று பென் டிரைவில் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அப்படிப் பார்க்கும்போது உள்ளே இருப்பது அழியாது.

எங்கள் கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் 11 ஏற்கும் தகுதி இருந்தது, அது எங்கள் நல்ல காலம். போன கடன் நாளில் கணக்காளர் ஆன் செய்துவிட்டுக் கைக்குட்டையால் முகம் துடைப்பதற்குள் திரை வந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்குள் எல்லோரும் காசோலை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். கழற்றிய பழைய டிஸ்க்கை, "குடுங்க அக்கா, நான் வச்சுக்குறேன்" என்று கடைத் தம்பி கேட்டார். கொடுக்கவில்லை. உறுப்பினர்களின் ஆதார் நகல் எல்லாம் அதில்தானே இருக்கிறது? துணியில் சுற்றி, தேதி எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறோம். இரண்டு பென் டிரைவில் ஒன்று பொருளாளர் வீட்டில், ஒன்று செயலாளர் வீட்டில். மாதக் கூட்டத்தன்று இரண்டும் அலுவலகத்துக்கு வரும், புதுக் கணக்கை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போகும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற மாதிரி அதற்கும் ஒரு கட்டம் போட்டு வைத்துவிட்டோம்.